ஆறு வருடம் கடந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? வீடு வாங்க நினைக்கும் ஒரு வாசகிக்கு

கேள்வி:
சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி விற்கிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பட்டணத்தில் 165,000 வெள்ளிக்கு ஒரு பழைய மலிவு விலை வீடு வந்தது. தரகரிடம் 3,000 வெள்ளி முன்பணம் கொடுத்தோம். வங்கியோ என் பெயர் கெட்டிருக்கிறது என்று கடன் மறுத்துவிட்டது. 2013-இல் அண்ணன் கார் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். 2016-இல் அவர் கட்டுவதை நிறுத்தினார். காரை இழுத்து ஏலம் விட்டார்கள். 2018-இல் எங்கள் இருவர் மீதும் 18,400 வெள்ளிக்குத் தீர்ப்பு வந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. இதற்கிடையில் 2015-இல் தம்பிக்காக என் பெயரில் எடுத்த மோட்டார் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு வழக்கு எதுவும் இல்லை. ஆறு வருடம் தாண்டிவிட்டதால் எதையும் கட்ட வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். 3,500 வெள்ளி கொடுத்தால் பெயரைச் சுத்தம் செய்து, கடனும் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்டு சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஏஜெண்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். பணம் கொடுக்காதீர்கள். சிசிரிஸ் என்பது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் தகவல் ஏடு. வங்கிகள் மாதந்தோறும் அனுப்பும் விவரம்தான் அதில் ஏறுகிறது. வெளியாள் யாரும் அதில் ஒரு எண்ணைக்கூட அழிக்க முடியாது. சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் கடன் அறிக்கை நிறுவனச் சட்டம் 2010-இன் கீழ் இயங்குகின்றன. அவை வைத்திருக்கும் தகவலைப் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கேட்கவும் அந்தச் சட்டமே உங்களுக்கு உரிமை தருகிறது. அதற்கு 3,500 வெள்ளி தேவையில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் அடுத்து வழக்கமாகச் செய்வது, சம்பளச் சீட்டில் தொகையை ஏற்றிக் காட்டுவது. அந்தச் சீட்டை வங்கியிடம் நீட்டுவது நீங்கள்தான், ஏஜெண்டு அல்ல. போலி ஆவணத்தை உண்மையானதுபோலப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டம் 471-ஆம் பிரிவின்படி குற்றம். ஏமாற்றுவதற்கு 420-ஆம் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை.

'கறுப்புப் பட்டியல்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியொரு பட்டியலை பேங்க் நெகாரா வைத்திருக்கவில்லை. சிசிரிஸ் அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு தவணை பாக்கியென்றால் 1, இரண்டு பாக்கியென்றால் 2, இப்படி ஏறிக்கொண்டே போகும். நீங்கள் ஜாமீன் நிற்கும் தொகையும் தனியாகக் காட்டப்படும். அதைப் பார்த்துக் கடன் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தந்த வங்கி. நீதிமன்ற வழக்குகள் பெரும்பாலும் சிடோஸ் அறிக்கையில் தெரியும். ஆகவே இரண்டையும் எடுங்கள். சிசிரிஸ் அறிக்கையை இ-சிசிரிஸ் தளத்தில் இலவசமாகவே பெறலாம். இரண்டும் கையில் வரும்வரை வேறு வங்கிக்கு மனுப் போடாதீர்கள். முடிவாகாமல் கிடக்கும் மனுக்களும் சிசிரிஸில் தெரியும். ஒரே நேரத்தில் நாலு வங்கியில் மனு கிடந்தால் ஐந்தாவது வங்கி யோசிக்கத்தான் செய்யும்.

இனி அந்த 'ஆறு வருட' விஷயம். உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது பாதி சரி. அந்தப் பாதிதான் பலரை மாட்டிவிடுகிறது.

காலவரையறைச் சட்டம் 1953-இன்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் தீர்ப்பு ஒன்று வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். தீர்ப்புக்கு 12 ஆண்டுகள். கார் கடனில் 2018-லேயே தீர்ப்பு வாங்கிவிட்டார்கள் என்பதால் 2030 வரை அது உயிரோடு இருக்கும். ஆறு ஆண்டு கடந்த தீர்ப்பை வைத்து ஜப்தி போன்ற நடவடிக்கை எடுக்க நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் கேட்க வேண்டும். அது ஒரு படிதான்; அதனால் கடன் ஒழிந்துபோகாது. உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு: தீர்ப்புக் கடனின் வட்டி நிலுவையில் ஆறு ஆண்டுக்கு மேற்பட்டதை வசூலிக்க முடியாது. வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 920 வெள்ளி. ஆறு ஆண்டுக்கு 5,520. அசலோடு சேர்த்து 23,920 வெள்ளி. வங்கியின் வழக்கறிஞர் இதைவிடப் பெரிய தொகையைக் காட்டினால், எந்த வட்டி, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள்.

தீர்ப்பு வந்ததே இப்போதுதான் தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் சம்மனும் உங்கள் கைக்கு வந்திருக்காது. தோட்டத்து ஆட்களின் வழக்குகளில் இது அடிக்கடி நடப்பதுதான். கல்யாணத்துக்கு முன் இருந்த தோட்டத்து முகவரிக்குப் பதிவுத் தபால் போகும். தோட்ட அலுவலகத்தில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசை ஓரத்தில் மற்றக் கடிதங்களோடு வைத்துவிடுவார். வாங்க ஆள் வராது. நீதிமன்றமோ சம்மன் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, ஆளில்லாமலே தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே வழக்குக் கோப்பைப் பார்த்து, அந்தப் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று கவனியுங்கள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு நீதிமன்ற விதிகள் தரும் காலம், தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள்தான். எனவே நகல் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தொகையில் பெரிய தவறு இல்லாதவரை ரத்து மனுவில் இறங்க மாட்டேன். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். அண்ணன் கட்டவில்லை என்பதும் உண்மைதான். தீர்ப்பு ரத்தானாலும் வழக்கு ரத்தாகாது. மறுபடி முதலிலிருந்து நடக்கும். நடக்கும் வழக்கைப் பார்க்கும் வங்கி வீட்டுக் கடனை நிறுத்தித்தான் வைக்கும். ரத்து மனுவுக்கு இடமிருக்கிறது என்பதைப் பேரம் பேசப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

அடுத்து, மோட்டார் சைக்கிள். இதில் வழக்கு இல்லை. தவணைகள் எந்த மாதங்களில் விழ வேண்டியவை, ஒப்பந்தத்தை எப்போது முறித்தார்கள் என்று பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் பெரும்பாலும் ஆறு ஆண்டு தாண்டியிருக்கும். வண்டியை இழுப்பதற்கு 21 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது வாடகைக் கொள்முதல் சட்டம் 1967. இழுத்த பிறகும் ஓர் அறிவிப்புத் தர வேண்டும். இவை வரவில்லை என்றால், வண்டியை விற்ற பிறகும் பாக்கி என்று கேட்கும் மீதித் தொகைக் கோரிக்கையை எதிர்க்க அதுவும் ஒரு பிடி. ஆனால் ஓர் எச்சரிக்கை. வசூல்காரர் போன் செய்து, "அக்கா, நல்லெண்ணத்துக்கு ஐம்பது வெள்ளி மட்டும் போடுங்கள்" என்பார். அந்த ஐம்பது வெள்ளி, அல்லது கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு கடிதம், ஆறு ஆண்டுக் கணக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்க வைத்துவிடும். செத்துப்போன வழக்குக்கு நீங்களே உயிர் கொடுத்தது போலாகும்.

அப்படியானால் கட்டாமலே விட்டுவிடலாமா? இங்கேதான் உங்கள் கேள்வியின் மையம் இருக்கிறது. காலவரையறை உங்களை நீதிமன்றத்திலிருந்துதான் காப்பாற்றும். வங்கி அதிகாரியின் கண்ணிலிருந்து காப்பாற்றாது. வழக்குப் போட முடியாத கடனும் கட்டாத கடன்தான். அது அறிக்கையில் தெரிந்தால், 'சட்டப்படி காலாவதியாகிவிட்டது' என்ற உங்கள் வாதத்தைக் கேட்க அங்கே நீதிபதி யாரும் இல்லை. வீடு வாங்கும் எண்ணமே இல்லை என்றால், மோட்டார் சைக்கிள் கடனைத் தொட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். வீடு வேண்டும் என்பதால், முதலில் அது அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விட்டுவிடலாம். இருந்தால் தவணையாக அல்ல, ஒரே தடவையாகக் கட்டித் தீர்க்கும்படி பேசுங்கள். 'கடனை ஒப்புக்கொள்ளாமல்' என்ற சொற்களோடு வழக்கறிஞர் மூலம் கடிதம் போகட்டும். வழக்குப் போட முடியாத நிலையில் இருப்பவர்கள் கணிசமாகத் தள்ளுபடி செய்து கொடுப்பார்கள்.

இரண்டு கடனுக்கும் ஒரே விதி: பணம் கொடுப்பதற்கு முன்பே, 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதிய கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் வழக்கு எண், தொகை, உங்கள் அடையாள அட்டை எண் ஆகியவை இருக்க வேண்டும். தீர்வு பற்றி சிடோஸுக்குத் தெரிவிப்போம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் தெரிவிக்காவிட்டால் அந்தக் கடிதத்தோடு நீங்களே போய்த் திருத்தக் கேட்கலாம்.

வசூல்காரர்கள் திவாலாக்கிவிடுவோம் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, சொந்த உபயோகத்துக்கான காருக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரை திவால் சட்டத்தின் 2017 திருத்தம் 'சமூக ஜாமீன்தாரர்' என்று வகைப்படுத்தி, அவரைத் திவாலாக்கவே கூடாது என்கிறது. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தையும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது.

அண்ணனுக்காக நீங்கள் கட்டுவதை அவரிடமிருந்து திரும்பக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 1950 உரிமை தருகிறது. ஜாமீன்தாரர் கட்டினால் கடனாளி ஈடு செய்ய வேண்டும் என்பது எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய வாக்குறுதி. கூடப்பிறந்தவர் மேல் வழக்கா என்று அம்மா அழுவார் என்பது எனக்குத் தெரியும். வழக்குப் போடச் சொல்லவில்லை. ரசீதுகளை மட்டும் உங்கள் பெயரில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் மாதம் இவ்வளவு தருகிறேன் என்று அண்ணனிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் பெயரில் எந்தப் பாக்கியும் இல்லையென்றால் அவர் மட்டும் கடனுக்கு மனுச் செய்யலாம். அப்போது வங்கி அவர் கடன் கட்டிய விதத்தைத்தான் பார்க்கும். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காகவே எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வியாபாரப் பதிவு, வருமான வரிப் படிவம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பசார் மாலாமில் வரும் ரொக்கத்தை ஒவ்வொரு வாரமும் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துச் செலவழியுங்கள். கணக்கில் ஏறாத வருமானம் வங்கிக்குத் தெரியாது. வீட்டு விலையில் 90 விழுக்காடான 148,500 வெள்ளி கடன், 4.2 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு என்றால் மாதம் சுமார் 726 வெள்ளி வரும். அதைத் தாங்கும் வருமானம் அந்த அறிக்கையில் தெரிய வேண்டும். கடன் அவர் பெயரில் இருந்தாலும் வீட்டுப் பட்டாவில் உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். சில வங்கிகள் ஏற்கும். முடியாது என்றால், நீங்கள் கொடுக்கும் பணமெல்லாம் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும்.

இனி அந்த 3,000 வெள்ளி. தரகர் பதிவு பெற்றவரா? பதிவு பெறாத ஆள் வீடு விற்றுத் தரகு வாங்குவது வீட்டுத் தரகர்களுக்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீதில் 'கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்' என்ற வரி இருந்தால் இன்றே வங்கியின் மறுப்புக் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்த வரி இல்லையென்றாலும் கேளுங்கள். மறுத்தால் மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகப் போடலாம், 5,000 வெள்ளிக்கு உட்பட்டதால் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். இதே வீட்டைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தால், விற்பவரிடம் அவகாசம் கேட்கும்போது நிலப் பட்டாவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மலிவு விலை வீடுகள் பலவற்றில் மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அந்த அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் கார் கடனைத் தீர்க்கும் வேலையை முடித்துக்கொள்ளலாம்.