15ஆம் தேதி 00.20 மணி ரயிலுக்கு எந்த இரவில் கிளம்ப வேண்டும்?

மும்பையின் தாதர் நிலையத்திலிருந்து 15ஆம் தேதி 00.20 மணிக்கு ரயில் என்று டிக்கெட்டில் இருக்கிறது என்கிறீர்கள். 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள். 15ஆம் தேதி இரவு போனால், ரயில் புறப்பட்டு ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

ரயில்வேயின் 24 மணிக் கணக்கில் நாள் பிறப்பது 00.00 மணிக்கு. 12 மணிக் கணக்கில் அதுவே 12.00 ஏ.எம். வம்பு இங்குதான்: தேதி 12இல் மாறுகிறது, எண்ணோ ஒரு மணிக்குத்தான் 1 ஆகிறது. ஏ.எம். என்பதற்கு லத்தீனில் 'நண்பகலுக்கு முன்' என்று பொருள்; பி.எம். என்றால் 'நண்பகலுக்குப் பின்'. அப்படியானால் நண்பகல் 12 எதில் சேரும்? இரண்டிலும் இல்லை; வழக்கத்தால் பி.எம். என்கிறோம்.

நம் பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். அதனால் நடுநிசி தாண்டினாலும் மனத்துக்கு அது முந்தைய நாளின் இரவுதான். மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தப்பா இப்படித்தான் ஒரு நாள் தாமதமாக, புளியோதரைப் பொட்டலத்தோடு நடைமேடையில் நின்றார். புளியோதரை மட்டும் வீணாகவில்லை.

எங்காவது '14ஆம் தேதி 24.00' என்று கண்டால் பதற வேண்டாம். அதுவும் 15ஆம் தேதி 00.00 மணியும் ஒரே கணம்.