பிரேக் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்களே, ஏன்?

கிளிநொச்சியில் ஓடும் உங்கள் 2010 டொயோட்டா பிரியஸ் காருக்கு பிரேக் யூனிட்டை முழுதாக மாற்றச் சொன்னார்கள் என்கிறீர்கள். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த இந்த ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும், அதனால் எஞ்சின் உறிஞ்சலால் பெடலுக்கு வலுக் கொடுக்கும் வக்யூம் பூஸ்டரை நம்ப முடியாது. பதிலாக மின்பம்ப் ஒன்று பிரேக் ஒயிலை அழுத்தி, நைதரசன் நிரப்பிய அக்குமுலேட்டர் என்ற அழுத்தக் கலனில் சேமிக்கும். யூனிட்டுக்குள் கசிந்தால் அந்த அழுத்தம் நிற்காது, அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

சாரதிக் கதவைத் திறந்ததும் 'ங்ர்ர்' என்று பம்ப் ஓடுமே, அது இயல்பு. பிரேக்கை மிதிக்காமல் நிற்கும்போதே அந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால்தான் வில்லங்கம். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் சி1391 என்ற பிழைக் குறியீடு வந்தால் அழுத்தக் கசிவுதான். ஆனால் 12 வோல்ட் பற்றரி சோர்ந்தாலும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரியும், அதை முதலில் பாருங்கள்.

யூனிட் மாற்றினால் பிரேக் ஒயிலில் புகுந்த காற்றை எடுக்கவும் ஸ்கேனர் வேணும். பெடலை மிதித்து எடுக்கிற பழைய கை வேலை சரிவராது. பிரேக் சரியாகும்வரை காரை எடுக்காதீர்கள். ஏ9 வீதியில் மாடு சொல்லிவிட்டா குறுக்கே வரும்?