நிலத்தடியில் இருக்கும் கெட்டி எண்ணெயை, அதாவது எளிதில் ஓடாத கச்சா எண்ணெயை, வெளியே எடுக்க நீராவியால் சூடாக்கி இளக்குவது மட்டும்தான் வழியா? பாலிமர், காரம் (ஆல்கலி) போன்ற வேதிப்பொருட்களைச் செலுத்துவதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடுமா?

நிற்காது. நவி மும்பையில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். வரப்பில் ஒரு எலி வளை இருந்தால் போதும், பாய்ச்சும் தண்ணீரெல்லாம் அதன் வழியாக ஓடிவிடும். வயலின் எதிர்மூலை காய்ந்தே கிடக்கும். கெட்டி எண்ணெய் உள்ள பாறைக்குள் வெறும் தண்ணீரைச் செலுத்தினால் நடப்பதும் இதுதான். தண்ணீரின் பாகுநிலை, அதாவது ஓடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, சுமார் 1 சென்டிபாய்ஸ் (அதை அளக்கும் அலகு). எண்ணெயுடையது ஆயிரத்தையும் தாண்டலாம். தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல், விரல் விரலாக உள்ளே புகுந்து நேரே உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும்.

பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு, அந்தத் தண்ணீரைக் கெட்டியாக்குகிறது. லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரைக் கலந்தாலே வித்தியாசம் கண்ணில் தெரியும். எண்ணெய் அளவுக்கே தண்ணீரும் கெட்டியாக வேண்டுமோ என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். கனடாவில் ஆல்பர்ட்டாவின் பெலிகன் லேக் எண்ணெய் வயலில் எண்ணெயின் பாகுநிலை ஆயிரத்துக்கு மேல். செலுத்திய பாலிமர் கரைசல் அதில் சிறு பங்குதான். ஆனாலும் அடுக்கின் ஊடே படுக்கையாகத் துளைத்த கிடைக்கோட்டுக் கிணறுகளோடு சேர்ந்து அது நன்றாக வேலை செய்தது. அங்கே எண்ணெய் அடுக்கு சில மீட்டர்தான். அவ்வளவு மெல்லிய அடுக்கில் நீராவி விட்டால் சூடு முழுக்க மேலும் கீழும் உள்ள பாறைக்குப் போய்விடும். உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: அடுக்கு தடிமனாக இருந்தால் நீராவி, மெல்லியதாக இருந்தால் பாலிமரை யோசிக்கலாம். நம் நாட்டில் குஜராத்தின் மெஹ்சானா பக்கம் பலோல், சாந்தல் எண்ணெய் வயல்களில் காற்றைச் செலுத்தி, நிலத்தடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து மீதியை இளக்குகிறார்கள். அது வேறு வழி.

காரம் எனக்குப் பிடித்த விஷயம். கெட்டி எண்ணெயில் பெரும்பாலும் நாஃப்தெனிக் அமிலங்கள் அதிகம். சோடா போன்ற காரத்தைச் செலுத்தினால் அவை பாறைக்குள்ளேயே சோப்பாக மாறும். அந்தச் சோப்பில் உருவாகும் பால்மம் (எண்ணெயும் தண்ணீரும் சிறு துளிகளாகக் கலந்தது) தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து, போகாத பக்கத்துக்குத் திருப்பிவிடும். சோப்பு போன்ற வேலையைச் செய்யும் சர்ஃபாக்டன்டை வெளியிலிருந்து வாங்கிச் செலுத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விலை அதிகம், களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் கெடுப்பது எண்ணெய் வயல் தண்ணீரில் இருக்கும் உப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அந்தத் தண்ணீரின் சாம்பிள் வரத் தாமதமானதால் குழாய்த் தண்ணீரிலேயே பாலிமரைக் கரைத்து அளந்தேன். 40 சென்டிபாய்ஸ். அருமை என்று நினைத்தேன். எங்கள் மூத்த பொறியாளர், திருநெல்வேலிக்காரர், தாளைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி ரிப்போர்ட் எங்கம்மா?" சாம்பிள் வந்து, அதில் கரைத்துப் பார்த்தபோது 9 கூட வரவில்லை. இரண்டு வார வேலையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பாலிமர் சங்கிலியில் உள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்வதால்தான் அது நீண்டு விரிந்து நிற்கிறது. உப்பும் கால்சியமும் வந்தால் அந்த விலக்கம் அடங்கி, சங்கிலி சுருண்டுவிடும், கெட்டித்தன்மை போய்விடும்.

சூட்டிலும் பாலிமர் மெல்லக் கெடும், அதுவும் கால்சியம் இருந்தால். கெட்டி எண்ணெய் பல இடங்களில் ஆழம் குறைந்த, சூடு குறைந்த அடுக்கில் கிடைப்பது நமக்கு அனுகூலம்.

அதனால் நீங்கள் ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால் சோதனைக்கான பாறைத் துண்டைத் தேடுவதற்கு முன்னால் எண்ணெய் வயல் தண்ணீரின் பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். பாலிமரை அதே தண்ணீரில் கரைத்து, ஆக்சிஜன் புகாமல் மூடி, பாறையின் வெப்பநிலையில் சில வாரம் வைத்து, வாரா வாரம் பாகுநிலையை அளந்து பாருங்கள். அது தாங்கினால் அப்புறம் பாறைக்குள் செலுத்தலாம்.