ஐசொலேஷன் ஃபாரஸ்ட்: எச்சரிக்கை குவிகிறது, ஸ்கேன் மட்டும் சிக்கவில்லை

வணக்கம். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஜீக் மென்பொருளின் இணைப்பு லாகை, வழக்கத்துக்கு மாறானதைத் தேடும் மாடலான ஐசொலேஷன் ஃபாரஸ்டுக்குக் கொடுத்தால் பத்தில் ஒரு இணைப்பைச் சந்தேகம் என்கிறது, ஆனால் நீங்களே சோதனைக்காக ஓட்டிய போர்ட் ஸ்கேனை (கணினியில் எந்தெந்தப் போர்ட், அதாவது சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது) கோட்டை விட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலாவது எளிது. கன்டாமினேஷனை, அதாவது தரவில் எவ்வளவு பங்கு சந்தேகமானது என்று மாடலுக்குச் சொல்லும் அளவை, 0.1 என்று வைத்திருக்கிறீர்கள். பயிற்சித் தரவில் 10 சதவீதத்தை எப்படியும் பிடித்துக் கொடு என்று நீங்களே சொன்ன மாதிரிதான் அது. இப்போதைக்கு ஒவ்வொரு வரியும் எவ்வளவு விநோதம் என்று மாடல் தரும் மதிப்பெண்ணை மட்டும் வாங்கி, மிகச் சந்தேகமானது மேலே வரும்படி வரிசைப்படுத்தி, மேலே வரும் 20 வரிகளைத் தினமும் கண்ணால் பாருங்கள். வரம்பை அப்புறம் முடிவு செய்யலாம்.

ஸ்கேன் தப்பியதுதான் முக்கியம். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரியாகக் கொடுக்கிறீர்கள். ஸ்கேனில் ஒவ்வொன்றும் சின்ன இணைப்பு, தனியாகப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். ஒரு மூல ஐபி (இணைப்பைத் தொடங்கிய கணினியின் முகவரி), 5 நிமிடம் என்று தொகுத்து, அதற்குள் எத்தனை வெவ்வேறு போர்ட், எத்தனை முகவரி, எத்தனை தோல்வி என்று எண்ணிக் கொடுங்கள். மற்ற கணினிகள் ஐந்தாறு போர்ட்டைத் தொடும் நேரத்தில் ஸ்கேன் ஓட்டிய கணினி நூற்றுக்கணக்கில் தொட்டிருக்கும்.

போர்ட்டை வெறும் எண்ணாகக் கொடுக்காதீர்கள். 443, 445 இரண்டும் மாடலுக்குப் பக்கத்து வீடு. நிஜத்தில் ஒன்று எச்டிடிபிஎஸ், மற்றது விண்டோஸ் கோப்புப் பகிர்வு. பைட் அளவுக்கு லாகரிதம் எடுங்கள், இல்லையென்றால் இரவு பேக்கப் ஒன்றே எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

பயிற்சிக்கு ஒரு முழு வாரமாவது வேண்டும், ஸ்கேன் ஓட்டிய நாள் அதில் வேண்டாம். மாற்றிய பிறகு அதே ஸ்கேனை மறுபடி ஓட்டி, எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள்.