எச்.ஐ.வி மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை வருமா?

கேள்வி: 11 ஆண்டுகளாக ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி சிகிச்சை) மையத்தில் மருந்து வாங்குகிறேன். மாத்திரையை மாற்றியபின் 7 கிலோ கூடிவிட்டேன். "இது சர்க்கரையில் கொண்டுபோய் விடும்" என்கிறார்கள். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. மருந்து நின்றால் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். சர்க்கரை வந்தாலும் அதைக் கட்டுக்குள் வைக்க வழி இருக்கிறது.

உங்களுக்கு இப்போது தருவது பெரும்பாலும் டி.எல்.டி மாத்திரையாக இருக்கும். அதில் டெனோஃபோவிர் 300 மி.கி, லாமிவுடின் 300 மி.கி, டோலுடெக்ராவிர் 50 மி.கி இருக்கின்றன. நீங்கள் கேள்விப்பட்ட பயத்தில் பெரும்பகுதி பழைய மருந்துகளால் வந்தது. ஸ்டாவுடினும் ஜிடோவுடினும் கை, கால், முகத்தின் கொழுப்பைக் கரைத்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபடி ஆக்கின. இண்டினாவிர், தசைக்குள் சர்க்கரை நுழையும் பாதையையே அடைத்தது.

டோலுடெக்ராவிரில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எடை கூடுவது. பெண்களுக்கு இது அதிகம். குடும்பத்தில் சர்க்கரை உள்ளவருக்கு, கூடும் எடையே நோய்க்கு வழி திறக்கும். இன்னொன்று அரிது, ஆனால் அவசரமானது. மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய சில வாரங்கள், மாதங்களில் சிலருக்குச் சர்க்கரை திடீரென எகிறும். அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். எடை குறைவதைப் பார்த்து "காசநோயோ, எச்.ஐ.வி முற்றிவிட்டதோ" என்று நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து. அன்றே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் இந்த வாரமே 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் இருமுறை வந்தால் சர்க்கரை நோய். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஜிடோவுடின் சாப்பிடுவோருக்கு, அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அம்மாவுக்கு இருப்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ-க்குள் இருக்கட்டும். எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தாலே அபாயம் கணிசமாகக் குறையும்.

கேள்வி: அண்ணன் டி.எல்.டி எடுக்கிறார். சர்க்கரை டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் 1000 மி.கி காலை, இரவு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே வயிற்றுப்போக்கு. ஏன்?
– வாசகர், சேலம்

மெட்ஃபார்மினைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. டோலுடெக்ராவிர் அந்த வழியைப் பாதி மூடிவிடுகிறது. 50 மி.கி தினமும் எடுப்பவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் சுமார் 79 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது நாள் அளவை 1000 மி.கி-க்குள் வைக்கச் சொல்கிறார்கள்; பெரும்பாலும் 500 மி.கி இருவேளை, சாப்பாட்டுக்குப் பின். அண்ணன் நாளையே மாத்திரை அட்டையுடன் டாக்டரைப் பார்க்கட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது எனக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, மேல்மூச்சு, அசதி சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எச்.ஐ.வி பற்றிச் சொல்லத் தயங்குவது புரிகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளியின் சம்மதம் இல்லாமல் டாக்டர் அதைப் பொதுவாகப் பிறரிடம் சொல்லக்கூடாது. இன்னொன்று: வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் குடித்தால், டி.எல்.டி மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். சேர்த்து எடுத்தால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாக ஏறாது.

கேள்வி: நானும் டி.எல்.டி எடுக்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 92. சிறுநீரில் மட்டும் சர்க்கரை 'டூ ப்ளஸ்' என்கிறது ரிப்போர்ட். எது சரி?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் சரியாக இருக்கலாம். டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தால், சிறுநீரில் சர்க்கரை வருவது அதன் வேலையே. எடுக்காவிட்டால் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரக நுண்குழாய்கள் பாதிக்கப்பட்டால், வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். கிரியாட்டினின், பாஸ்பேட், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் பார்த்து, அந்த ரிப்போர்ட்டுடன் ஏ.ஆர்.டி மருத்துவரிடம் போங்கள். பாதிப்பு உறுதியானால் டெனோஃபோவிருக்கு மாற்று தருவார். அதுவரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.