100 புள்ளியா, 81 புள்ளியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்கள் நேரலையில் வருகின்றன. நானும் என் அக்காள் மகனும் சேர்ந்து பார்ப்போம். வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் எடுத்த 100 புள்ளிகளுக்கு ஈடில்லை என்பது அவன் கட்சி. கோபி பிரயன்ட் எடுத்த 81 புள்ளிகளே உயர்ந்தவை என்பது என் கட்சி. ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலைக் கொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல இயலுமா? (ஒரு வாசகர், குலசேகரம்)

பதில்: இயலும். ஆனால் இருவரும் பட்டியலின் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்து வாதிடுகிறீர்கள். ரப்பர் பாலை விற்கச் சென்றால் எத்தனை லிட்டர் என்பதோடு கணக்கு முடிந்துவிடாது என்பதும், அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்கிற டி.ஆர்.சி. அளவைப் பார்த்தே பணம் கொடுப்பார்கள் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புள்ளி என்பது லிட்டர் கணக்கு. அதை எடுக்க எத்தனை வாய்ப்புகள் செலவாயின என்பதே டி.ஆர்.சி. கணக்கு.

1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸ் அணியை 169–147 என்று வென்ற ஆட்டத்தில், சேம்பர்லின் 63 முறை கூடையை நோக்கி எறிந்து 36 முறை வெற்றி கண்டார்; 32 ஃப்ரீ த்ரோக்களில் (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி வாய்ப்புகள்) 28 விழுந்தன. பிரயன்ட்டின் ஆட்டம் 2006 ஜனவரி 22 அன்று நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டொராண்டோ ராப்டர்ஸை 122–104 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவர் எறிந்த 46 ஷாட்டுகளில் 28 விழுந்தன, அவற்றுள் 7 தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளி ஷாட்டுகள்; 20 ஃப்ரீ த்ரோக்களில் 18 விழுந்தன.

இனி வாய்ப்புகளைக் கணக்கிடலாம். ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி, எறிந்த ஷாட்டுகளோடு கூட்டுவது வழக்கம். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டு இரண்டாகக் கிடைப்பதால் 0.5 என்றுதானே இருக்க வேண்டும் என்று தோன்றலாம். ஃபவுலையும் மீறிப் பந்து கூடையில் விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும், டெக்னிக்கல் ஃபவுலுக்காக (நடத்தை மீறலுக்கான தண்டனை) கிடைப்பதும் தனியாக ஒரு வாய்ப்பைச் செலவழிப்பதில்லை, அதனால்தான் 0.44. இந்தக் கணக்கின்படி சேம்பர்லின் ஏறத்தாழ 77 வாய்ப்புகளில் 100 புள்ளிகள் எடுத்தார். அதாவது ஒரு வாய்ப்புக்கு 1.30 புள்ளி. பிரயன்ட் ஏறத்தாழ 55 வாய்ப்புகளில் 81 எடுத்தார். ஒரு வாய்ப்புக்கு 1.48.

உங்கள் மருமகன் இங்கே ஒரு நியாயமான மறுப்பை எழுப்பக்கூடும். என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு 1979–80 பருவத்தில்தான் வந்தது. சேம்பர்லினுக்கு அந்த வசதி இல்லை. சரி, பிரயன்ட்டின் ஏழு நெடுந்தூர ஷாட்டுகளையும் இரண்டு புள்ளியாகவே எண்ணுவோம். 81 என்பது 74 ஆகும்; வாய்ப்புக்கு 1.35 வரும். அப்போதும் அவரே முன்னால் நிற்கிறார். அணியின் மொத்தப் புள்ளிகளில் பங்கைப் பார்த்தாலும் சேம்பர்லினுடையது 59 சதவீதம், பிரயன்ட்டுடையது 66 சதவீதம். அத்துடன் லேக்கர்ஸ் அன்று முதல் பாதியில் 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மட்டும் அவர் எடுத்த 55 புள்ளிகள் அணி வெல்வதற்கே தேவைப்பட்டன. ஹெர்ஷியில் ஆட்டத்தின் கடைசிப் பகுதி ஒரு மனிதருக்கு 100 சேர்ப்பதற்காகவே ஆடப்பட்டது. ஆகவே என் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆயினும் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய பாதி ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்ட சேம்பர்லின், அன்று ஒரு நாள் 32க்கு 28 போட்டார் என்பதை உங்கள் மருமகன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: ஒரு வீரர் 63 புள்ளிகள் எடுத்தும் அணி தோற்றிருக்கிறது என்கிறார்கள். பட்டியலில் ‘பிளஸ் மைனஸ்’ என்றொரு கட்டம் இருக்கிறதே, அது இதைத்தான் காட்டுகிறதா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிராக மைக்கேல் ஜோர்டன் எடுத்த 63 புள்ளிகள். இரண்டு முறை கூடுதல் நேரம் நீண்ட அந்த ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் 131–135 என்று தோற்றது. ஜோர்டனைத் தவிர்த்த மற்ற அனைவரும் சேர்ந்து எடுத்தவை 68 மட்டுமே.

பிளஸ் மைனஸ் என்பது ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவரது அணி எத்தனை புள்ளிகள் கூடுதலாகவோ குறைவாகவோ எடுத்தது என்பதைக் காட்டும். எந்நேரமும் ஐந்து பேர் களத்தில் இருப்பதால், நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணியின் எல்லா வீரர்களுடைய இந்த எண்களையும் கூட்டினால் மைனஸ் 20 வரும். ஒரே ஓர் ஆட்டத்தின் பிளஸ் மைனஸைக் கொண்டு ஒரு வீரரை எடைபோடுவது தவறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உடன் நின்ற நால்வர் நன்றாக ஆடியிருந்தாலும் அவருடைய எண் உயர்ந்துவிடும்.

கேள்வி: சேம்பர்லின் எத்தனை பிளாக் (எதிராளி எறிந்த ஷாட்டைத் தட்டித் தடுப்பது) செய்தார் என்று தேடினால் கிடைக்கவில்லையே? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: என்.பி.ஏ. பிளாக்கையும், எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973–74 பருவத்தில். சேம்பர்லின் அதற்கு முந்தைய பருவத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

கேள்வி: அணியின் புள்ளிவிவரத்தில் தோல்விக்கான காரணம் ஒரே வரியில் தெரிந்த ஆட்டம் உண்டா? (ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: 2018 மே 28 அன்று (நமக்கு 29ஆம் தேதி காலை) நடந்த மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டத்தைச் சொல்வேன். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் 92–101 என்று தோற்றது. மூன்று புள்ளி ஷாட்டுகள் என்ற வரியில் 44க்கு 7 என்றிருக்கும். இடையில் தொடர்ந்து 27 தவறின. மூன்றில் ஒன்று விழுந்திருந்தால்கூட 14 விழுந்திருக்கும், 21 புள்ளிகள் கூடியிருக்கும். தோற்றதோ 9 புள்ளிகளில். தவறிய ஷாட்டுகளில் பெரும்பாலானவை எதிரணியின் கைக்குப் பந்தைத் தருகின்றன என்பதையும் சேர்த்து எண்ணினால் இழப்பு இன்னும் பெரியது.

கேள்வி: என் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். எவற்றை எழுத வேண்டும்? (ஒரு தாய், குளச்சல்)

பதில்: உங்கள் மகளுடையதை மட்டும் எழுதாமல் அணி முழுவதற்கும் எழுதுங்கள், அப்போதுதான் அவளுடைய எண்களுக்கே பொருள் கிடைக்கும். இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, விழுந்ததைப் போலவே தவறியதையும் குறியுங்கள். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதை, ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். தன் அணி தவறவிட்ட பந்தை மீண்டும் பிடிப்பது புதியதொரு வாய்ப்பைத் தருகிறது. எதிரணி தவறவிட்டதைப் பிடிப்பது அவர்களின் வாய்ப்பை முடிக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். டர்ன்ஓவர் (ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது), அசிஸ்ட் (கூடை போட உதவிய பாஸ்), ஃபவுல் ஆகியவற்றுக்கும் இடம் விடுங்கள். சர்வதேச விதியில் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், என்.பி.ஏ.வில்தான் ஆறு.

பார்த்துக்கொண்டே எழுதினால் பாதி தவறிப்போகும். ஆகவே ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவது நல்லது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு புள்ளி ஷாட்டுகளை இரண்டாலும் மூன்று புள்ளி ஷாட்டுகளை மூன்றாலும் பெருக்கி, ஃப்ரீ த்ரோக்களைக் கூட்டி, மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்கோர் பலகையோடு ஒப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்குச் சென்ற பிறகு தவறைக் கண்டுபிடித்தால் எந்தக் கூடை விடுபட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.