புதனைவிடத் தள்ளியிருந்தும் வெள்ளிக் கிரகம் ஏன் இவ்வளவு சூடு? சுக்கிரன் என்று ஏன் சொல்கிறோம்?

வெள்ளி, சூரியனிலிருந்து இரண்டாவதாக உள்ள கோள்; நமக்குப் பக்கத்து வீடு. சில மாதங்களில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் பொழுதுபட்டதும் மேற்கே பளிச்சென்று தெரிவது இதுதான்.

சூரியனுக்குக் கிட்ட இருப்பது புதன். ஆனால் வெக்கை அதிகம் வெள்ளியில்தான்: தரையில் ஏறக்குறைய 465 பாகை செல்சியஸ், ஈயமே உருகிவிடும். காரணம் அதன் வளிமண்டலம். அதில் 96 சதவீதம் காபனீரொட்சைட்டு. கண்ணாடியைப் பூட்டி ஏ-9 வீதியோரம் வெயிலில் விட்ட காரை யோசியுங்கள்: ஒளி உள்ளே போகும், சூடு வெளியே வராது. (காரில் காற்று அடைபடுகிறது, வெள்ளியில் வாயு வெப்பக்கதிரையே பிடித்து வைக்கிறது.) வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள அமில முகில்கள் சூரிய ஒளியில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சத்துக்கே இந்தப் பாடு! 1970இல் இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 7 தரையில் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.

சரி, பெயர். ரோமர் காதல் தெய்வம் வீனஸின் பெயரை வைத்தார்கள். நமக்கு அது அசுரகுரு சுக்கிராச்சாரியார். மாவலி வாமனனுக்குத் தாரை வார்க்கையில் வண்டாகிக் கமண்டல மூக்கை அடைத்து, தர்ப்பை குத்தி ஒரு கண்ணை இழந்தவர்.

விடிவெள்ளியும் மாலை வெள்ளியும் இரு நட்சத்திரங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இந்த ஒரே கோள், சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாததால் நள்ளிரவில் மட்டும் தெரியாது.